குற்றவாளிக்குப் பரோல் என்று கேள்விப்பட்டால்: நீலகிரியில் பாதிக்கப்பட்டவர்களுக்கு ஒரு வழிகாட்டி

தண்டனை வாங்கிக் கோவை மத்திய சிறைக்குப் போன ஆள், ஒரு நாள் காலையில் கோத்தகிரி பஸ் நிலையத்தில் நிற்பதைப் பார்த்த பிறகுதான் பல குடும்பங்களுக்குப் பரோல் என்று ஒன்று இருப்பதே தெரியவருகிறது. கொலையில் கணவனைப் பறிகொடுத்தவர், மகளுக்கு நேர்ந்ததை வெளியே சொல்ல முடியாமல் வழக்கு நடத்திய தாய், தலையில் அடிபட்டு இன்னும் முழுதாகத் தேறாதவர் என்று எல்லோரும் கேட்பது ஒரே கேள்விதான்: "எங்ககிட்ட யாரும் ஒரு வார்த்தை கேக்கலையே?"

நியாயமான கேள்வி. கேட்க வைப்பதற்கு வழி இருக்கிறது. அந்த வழியைத்தான் இங்கே படிப்படியாக எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறேன். சில வெளிநாடுகளில் பரோல் வாரியம் என்ற ஒரு அமைப்பு உட்கார்ந்து விசாரிக்கும். அமெரிக்காவின் கலிபோர்னியாவில் 2008இல் வந்த மார்சி சட்டப்படி, பாதிக்கப்பட்டவருக்கு முன்கூட்டியே தகவல் கொடுக்க வேண்டும், அவர் வந்து பேசலாம். இங்கிலாந்தில் பாதிக்கப்பட்டவர் தன் வாக்குமூலத்தைப் பரோல் வாரியத்தின் முன் வைக்கலாம். தமிழ்நாட்டில் அப்படி ஒரு அறையும் கிடையாது, உங்களை அழைக்கும் ஒரு தேதியும் கிடையாது. இங்கே முடிவு கோப்பில் நடக்கிறது. கைதியின் மனு, நன்னடத்தை அலுவலரின் அறிக்கை, காவல் துறையின் அறிக்கை என்று தாள்கள் சேர்ந்து, அதிகாரி ஒருவரின் மேஜைக்குப் போகின்றன. அந்தக் கோப்புக்குள் உங்கள் தாளும் இருக்க வேண்டும். அவர்களாக வந்து கேட்பார்கள் என்று காத்திருந்தால் பெரும்பாலும் காலம் கடந்துவிடும். தீர்ப்பு வந்த கையோடு நீங்களே எழுதிக் கொடுத்துவிட வேண்டும். மற்ற எல்லாமே இதற்குப் பிறகுதான்.

எந்த வழியாக வெளியே வருகிறார்?

ஊரில் எல்லாவற்றையும் "பரோல்" அல்லது "ஜாமீன்" என்று சொல்லிவிடுவார்கள். வழி எது என்று தெரியாமல் மனு போட்டால் அது தவறான அலுவலகத்தில் போய்த் தூங்கும். நான்கு வழிகள் உண்டு.

வழக்கு முடியும் முன் வெளியே வந்தால் அது ஜாமீன். நீதிமன்றம் கொடுப்பது.

தண்டனை விதிக்கப்பட்ட பிறகு, மேல்முறையீடு நிலுவையில் இருக்கும்போது வெளியே வந்தால் அது தண்டனை நிறுத்திவைப்பு. புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 430ஆம் பிரிவு. இதுவும் நீதிமன்றம் கொடுப்பதுதான். மரண தண்டனை, ஆயுள் தண்டனை, பத்தாண்டுக்குக் குறையாத சிறை ஆகியவை விதிக்கக்கூடிய குற்றம் என்றால், அரசு வழக்கறிஞருக்கு எழுத்துமூலம் எதிர்ப்புத் தெரிவிக்க வாய்ப்புக் கொடுத்த பிறகே விடுவிக்க முடியும்.

தண்டனை நடந்துகொண்டிருக்கும்போது சில நாட்களுக்கு வந்துவிட்டுத் திரும்பிப் போனால் அதுதான் நாம் பரோல் என்பது. தமிழ்நாடு தண்டனை நிறுத்திவைப்பு விதிகள், 1982 என்பதன் கீழ் வருகிறது. கோப்புகளில் "விடுப்பு" என்றே இருக்கும், ஆகவே மனுவில் அந்தச் சொல்லையும் சேர்த்து எழுதுங்கள். இதில் இரண்டு வகை. நெருங்கிய உறவினர் இறந்தாலோ, மோசமான நோயில் இருந்தாலோ, வீட்டில் கல்யாணம் என்றாலோ கொடுப்பது அவசர விடுப்பு. பிள்ளைகளைப் பள்ளியில் சேர்ப்பது, வீட்டைப் பழுதுபார்ப்பது, விவசாய வேலை, குடும்பத் தகராறைத் தீர்ப்பது போன்ற காரணங்களுக்கு, குறிப்பிட்ட காலம் சிறையில் இருந்த பிறகு கொடுப்பது சாதாரண விடுப்பு. இதை நீதிமன்றம் கொடுப்பதில்லை. சிறைத் துறை அதிகாரிகள் கொடுக்கிறார்கள்.

திரும்பிப் போகவே தேவையில்லாமல் வெளியே வந்தால் அது முன்விடுதலை. அரசு முடிவு செய்வது. அதைக் கடைசியில் பார்ப்போம்.

எந்த வழி என்று தெரிந்துகொள்ள, வழக்கு நடந்த காவல் நிலையத்தில் கேளுங்கள். சொல்லவில்லை என்றால் சிறைக் கண்காணிப்பாளர் அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்குத் தகவல் உரிமைச் சட்டத்தில் மனு எழுதி, 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி அனுப்பலாம். 30 நாளில் பதில் வர வேண்டும். உயிருக்கோ சுதந்திரத்துக்கோ தொடர்புடைய தகவல் என்றால் 48 மணி நேரம். மிரட்டல் இருக்கிறது என்றால் அதை மனுவின் முதல் வரியிலேயே சொல்லிவிடுங்கள்.

கையில் இருக்க வேண்டிய எண்கள்

பெயரை மட்டும் எழுதி "என் கணவரைக் கொன்றவரை விடக் கூடாது" என்று அனுப்பினால், அலுவலகத்தில் யாராலும் அதை எந்தக் கோப்போடும் சேர்க்க முடியாது. ஒரே பெயரில் பல கைதிகள் இருப்பார்கள். தேவையானவை: காவல் நிலையத்தின் பெயரும் குற்ற எண்ணும் ஆண்டும், நீதிமன்றத்தின் பெயரும் அமர்வு வழக்கு எண்ணும், தீர்ப்பு வந்த தேதி, விதித்த தண்டனை. கைதி எண் கிடைத்தால் மிக நல்லது.

முதல் தகவல் அறிக்கை கையில் இருந்தால் குற்ற எண் அதிலேயே இருக்கும். தீர்ப்பின் சான்றிட்ட நகலுக்கு, தண்டனை கொடுத்த நீதிமன்றத்தில் நகல் மனு போட வேண்டும். நம் மாவட்டத்துப் பெரிய வழக்குகளுக்கு அது உதகமண்டலம். சேரம்பாடி, எருமாடு பக்கம் இருப்பவர்களுக்கு இது 70 கிலோமீட்டருக்கு மேல், ஒரு நாள் கூலி போய்விடும். ஆகவே கிளம்பும் முன் இ-கோர்ட்ஸ் செயலியில் வழக்கு எண்ணைப் போட்டுப் பாருங்கள். பல தீர்ப்புகளை அதிலேயே பார்த்துவிடலாம், எண்களும் சரியாக இருக்கும்.

"பாதிக்கப்பட்டவர்" என்றால் யார் என்ற சந்தேகம் நிறையப் பேருக்கு உண்டு. அடிபட்டவர் மட்டும் இல்லை. பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 2(1)(ஒய்) பிரிவு, அந்தக் குற்றத்தால் இழப்போ காயமோ அடைந்தவரையும் அவருடைய பாதுகாவலரையும் சட்டப்படியான வாரிசையும் சேர்த்தே சொல்கிறது. இறந்தவரின் மனைவி, பிள்ளைகள், பெற்றோர் தயங்காமல் தங்கள் பெயரிலேயே எழுதலாம்.

இலவச வழக்கறிஞர்

உதகையில் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கிறது, தாலுகா நீதிமன்றங்களில் வட்டக் குழுக்கள் உண்டு. பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத் திறனாளிகள் ஆகியோருக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே இலவச வழக்கறிஞர் கொடுக்க வேண்டும். மற்றவர்களுக்கு வருமான வரம்பு உண்டு. 15100 என்ற எண்ணில் அழைத்தும் கேட்கலாம். மனு எழுத வழக்கறிஞர் கட்டாயம் தேவை என்று இல்லை. ஆனால் விஷயம் நீதிமன்றத்துக்குப் போனால் ஆள் வேண்டும், ஆகவே முன்கூட்டியே பேர் பதிந்து வைப்பது நல்லது.

மனு எழுதுவது

எப்போது எழுத வேண்டும்? தீர்ப்பு வந்த வாரமே. அவசர விடுப்பு ஓரிரு நாளில் முடிவாகிவிடும். அன்றைக்குக் கேள்விப்பட்டு அன்றைக்கு ஓட முடியாது. சாதாரண விடுப்புக்கு விசாரணை உண்டு என்பதால் கொஞ்சம் அவகாசம் இருக்கும். பழைய வழக்கு என்றாலும் பரவாயில்லை, இன்றைக்கு எழுதுங்கள்.

மாதிரி ஒன்று தருகிறேன். இதை அப்படியே எடுத்து, உங்கள் விவரத்தைப் போட்டுக்கொள்ளலாம்.

அனுப்புநர்: (உங்கள் பெயர், இப்போது குடியிருக்கும் முழு முகவரி, கைப்பேசி எண்)

பெறுநர்: கண்காணிப்பாளர் அவர்கள், மத்திய சிறை, கோயம்புத்தூர்.

பொருள்: (இன்ன) காவல் நிலையக் குற்ற எண், (இன்ன) நீதிமன்ற அமர்வு வழக்கு எண் – தண்டனைக் கைதி (பெயர், கைதி எண்) – பரோல் விடுப்பு அல்லது முன்விடுதலை பரிசீலிக்கும்போது பாதிக்கப்பட்ட எங்கள் தரப்பைக் கேட்கக் கோருதல் – தொடர்பாக.

ஐயா, மேற்படி வழக்கில் இறந்துபோனவரின் மனைவி நான். எங்கள் வீடும் கைதியின் குடும்பத்தார் வீடும் ஒரே எஸ்டேட் லைனில், பத்து அடி தூரத்தில் இருக்கின்றன. வழக்கு நடந்தபோது சாட்சி சொல்லக் கூடாது என்று என்னை மிரட்டியது குறித்து (இன்ன தேதி) நான் கொடுத்த புகாரின் ரசீது இத்துடன் இணைத்துள்ளேன். எனக்கு இரண்டு பள்ளிக் குழந்தைகள் இருக்கிறார்கள். ஆகவே,

இவருக்கு விடுப்போ முன்விடுதலையோ கோரும் மனு வந்தால் முடிவெடுக்கும் முன் என்னிடம் விசாரித்து என் எழுத்துமூலக் கருத்தைக் கோப்பில் சேர்க்கவும், விடுப்பு வழங்கினால் இந்தத் தாலுகாவுக்குள் வராமல் வேறு இடத்தில் தங்கவும் அங்குள்ள காவல் நிலையத்தில் கையெழுத்திடவும், எங்களை நேரிலோ போனிலோ ஆள் மூலமோ தொடர்புகொள்ளாமல் இருக்கவும் நிபந்தனை விதிக்கவும், தேவையானால் வழிக்காவலுடன் அனுப்பவும், வெளியே வரும் தேதியையும் திரும்பும் தேதியையும் எங்கள் காவல் நிலையம் மூலம் எனக்குத் தெரிவிக்கவும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இவ்வளவுதான். ஒரு பக்கத்துக்கு மேல் போக வேண்டாம். இந்த மாதிரியில் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள்: "விடவே கூடாது" என்று ஒரு வரி கூட இல்லை. எதிர்க்க வேண்டும் என்று நினைத்தால் எதிர்க்கலாம், அது உங்கள் உரிமை. ஆனால் நிபந்தனை கேட்பதையும் சேர்த்தே எழுதுங்கள். முழு எதிர்ப்பை மட்டும் எழுதிவிட்டு, அதை அதிகாரி ஏற்காமல் போனால், உங்களைக் காக்கும் நிபந்தனை எதுவும் இல்லாமல் அவர் வந்து நிற்பார். "வேறு தாலுகாவில் தங்கட்டும்" என்று கேட்டிருந்தால் அதையாவது போட்டிருப்பார்கள்.

இன்னொன்றும் மனதில் இருப்பதைச் சொல்லிவிடுகிறேன். பெற்ற தாய் இறந்து சடங்குக்கு வரக் கேட்கும் விடுப்பை எதிர்த்து மல்லுக்கட்ட வேண்டாம் என்பதே என் எண்ணம். அது கைதிக்கும் உள்ள மனித உரிமை. எதிர்த்தாலும் நிற்பது கடினம். காவலர் கூட வர வேண்டும், சடங்கு முடிந்ததும் கிளம்ப வேண்டும் என்று கேளுங்கள். உங்கள் பலத்தை சாதாரண விடுப்புக்கும் முன்விடுதலைக்கும் வைத்துக்கொள்ளுங்கள்.

காரணம் எழுதும்போது நடந்ததை மட்டும் எழுதுங்கள். தேதி, இடம், யார் கேட்டார்கள். "ஊரே பயப்படுகிறது" என்று எழுதினால் யாரும் அசைய மாட்டார்கள். "மார்ச் மாதம் அவர் தம்பி எங்கள் வாசலில் நின்று, அண்ணன் வரட்டும் பாத்துக்கிறேன் என்று சொன்னார், பக்கத்து வீட்டுக்காரர் கேட்டார்" என்று எழுதினால் அது அறிக்கையில் ஏறும். உடம்பில், மனதில், பிழைப்பில் இன்னும் இருக்கும் பாதிப்பையும் நாலு வரி எழுதுங்கள். மருத்துவச் சீட்டு இருந்தால் நகல் வையுங்கள்.

பாலியல் குற்ற வழக்காக இருந்தால் பாதிக்கப்பட்டவரின் பெயரை மனுவின் மேல் எழுதவே வேண்டாம். பெயரை வெளியிடுவது புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 72ஆம் பிரிவிலும், குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்திலும் தடை. குற்ற எண்ணையும் "பாதிக்கப்பட்ட சிறுமியின் தாய்" என்பதையும் மட்டும் குறிப்பிட்டு, பெயர், முகவரி உள்ள தாளைத் தனியே ஒட்டிய உறைக்குள் வைத்துக் கொடுங்கள்.

யார் யாருக்கு? சிறைக் கண்காணிப்பாளருக்கு அசல். நகல்கள் கோவை சரகச் சிறைத் துறை டி.ஐ.ஜி.க்கும், நீலகிரி மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கும், உங்கள் காவல் நிலைய ஆய்வாளருக்கும், மாவட்ட நன்னடத்தை அலுவலருக்கும். தபாலில் அனுப்புவது என்றால் ஒப்புகை வசதியோடு அனுப்பி, வரும் அட்டையைப் பத்திரப்படுத்துங்கள். நேரில் கொடுத்தால் உங்கள் நகலில் அலுவலக முத்திரையும் தேதியும் வாங்காமல் வெளியே வராதீர்கள். "வெச்சுட்டுப் போங்கம்மா, பாத்துக்கறோம்" என்றால், "சரிங்க, ஒரு சீல் மட்டும் போட்டுக் குடுங்க" என்று நின்று வாங்குங்கள். பின்னால் நீதிமன்றத்துக்குப் போனால், உங்களைக் கேட்கவில்லை என்பதற்கு அந்த முத்திரைதான் சாட்சி.

விசாரணைக்கு வரும் நாள்

என்னைக் கேட்டால் எல்லாவற்றிலும் முக்கியமான கட்டம் இதுதான். சாதாரண விடுப்பு மனு வந்தால் நன்னடத்தை அலுவலரிடமும் காவல் துறையிடமும் அறிக்கை கேட்பார்கள். கைதியின் குடும்பம் எங்கே இருக்கிறது, ஊரில் என்ன நிலை, அவர் வந்தால் சண்டை வருமா என்று விசாரித்து எழுதுவார்கள். வெளிநாட்டில் வாரியத்தின் முன் நடப்பது இங்கே உங்கள் வீட்டு வாசலில், சில நேரம் ஒரு போன் பேச்சில் முடிந்துவிடுகிறது.

நம் மலையில் இதற்கென்றே சில சிக்கல்கள் உண்டு. எஸ்டேட் லைன் வீடுகளுக்குக் கதவு எண் ஒழுங்காக இருக்காது. தபால் எஸ்டேட் ஆபீஸுக்கு வந்து, கங்காணி கையில் மாறி, ஒரு வாரம் கழித்துக் கைக்கு வரும். அதிகாரி வரும் நேரம் நீங்கள் காட்டில் இலை பறித்துக்கொண்டிருப்பீர்கள். வேலை மாறிக் குன்னூரிலிருந்து கூடலூருக்கோ திருப்பூருக்கோ போயிருந்தால், வழக்குக் கோப்பில் பழைய முகவரிதான் இருக்கும். "மேற்படி முகவரியில் இல்லை" என்று ஒரு வரியில் உங்கள் தரப்பு முடிந்துபோகும். ஆகவே வீடு மாறினால், போன் நம்பர் மாறினால், காவல் நிலையத்துக்கும் சிறைக்கும் ஒரு தபால் அட்டையாவது எழுதிப் போடுங்கள். நம்பிக்கையான பக்கத்து வீட்டுக்காரர் ஒருவரிடம், "யாராவது விசாரிக்க வந்தா என் நம்பரைக் குடுத்துரு அக்கா" என்று சொல்லி வையுங்கள்.

கேட்கும்போது என்ன சொல்வது? ஒரு அக்காவிடம் விசாரணை நடந்ததைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். கேள்வி இப்படி இருந்தது: "ஏம்மா, அந்தாளு ஒரு மாசம் வந்துட்டுப் போறதுல உனக்கு ஆட்சேபணை இருக்கா?" அக்கா முந்தானையை இழுத்துப் பிடித்துக்கொண்டு, "நான் என்னங்க சொல்றது, நீங்க பாத்துச் செய்யுங்க" என்றார். தாளில் எழுதப்பட்டது: "ஆட்சேபணை ஏதுமில்லை எனத் தெரிவித்தார்." வாசித்துக் காட்டச் சொன்ன பிறகுதான் அது தெரிந்தது, அக்கா தன் பயத்தைச் சொல்ல, திருத்தி எழுதினார்கள். வந்தவர் கெட்டவர் என்று சொல்ல முடியாது. அவர் கேட்டதும் இவர் சொன்னதும் சேர்ந்தால் அப்படித்தான் எழுதத் தோன்றும்.

அதனால் மரியாதைக்காகச் சொல்லும் பதில்களை அன்றைக்கு விட்டுவிடுங்கள். "எனக்கு ஆட்சேபணை இருக்குதுங்க. காரணம் இது, இது. நான் எழுதியே வெச்சிருக்கேன், இதையும் சேத்துக்குங்க" என்று சொல்லி மனுவின் நகலைக் கையில் கொடுங்கள். எதிர்ப்பு இல்லை, நிபந்தனை மட்டும் போதும் என்றால் அதையும் அப்படியே தெளிவாகச் சொல்லுங்கள். எழுதியதை வாசித்துக் காட்டச் சொல்லிவிட்டுத்தான் கையெழுத்து. வெற்றுத் தாளில் கையெழுத்தோ கைநாட்டோ ஒருபோதும் வேண்டாம்.

ஊர்க்காரர்கள் வந்து பேசுவார்கள். ஹட்டியாக இருந்தாலும் காலனியாக இருந்தாலும் லைனாக இருந்தாலும், பெரியவர்கள் நாலு பேர் வந்து உட்கார்ந்து, "அவன் அம்மாவுக்கும் வயசாகிப்போச்சு, ஆட்சேபணை இல்லைன்னு ஒரு கடுதாசி குடுத்துரும்மா" என்பார்கள். மனதாரக் கொடுக்கத் தோன்றினால் கொடுங்கள், அதில் ஒரு தவறும் இல்லை. மனம் ஒப்பவில்லை என்றால், "வக்கீலைக் கேட்டுட்டுச் சொல்றேன் மாமா" என்று எழுந்துவிடுங்கள். பணம் கொடுத்துக் கேட்டாலோ மிரட்டினாலோ அன்றைக்கே காவல் நிலையத்தில் எழுத்துப் புகார் கொடுத்து மனு ஏற்பு ரசீது வாங்குங்கள். அது உங்கள் அடுத்த மனுவுக்கு இணைப்பு.

நீதிமன்றத்தில் உங்களைக் கேட்டே ஆக வேண்டிய இடங்கள்

சில வழக்குகளில் உங்கள் நிலை இன்னும் பலமானது. பட்டியல் சாதியினர், பழங்குடியினர் மீதான வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வந்த வழக்கு என்றால் 15ஏ பிரிவைத் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். 2015 திருத்தத்தில் சேர்ந்து, 2016 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. ஜாமீன், விடுவிப்பு, பரோல், தண்டனை குறித்த எந்த நடவடிக்கையிலும் பாதிக்கப்பட்டவரையோ அவரைச் சார்ந்தவரையோ கேட்க வேண்டும் என்கிறது. பரோல் என்ற சொல்லே அதில் இருக்கிறது. நீதிமன்ற நடவடிக்கை குறித்து உரிய நேரத்தில் தகவலும் தர வேண்டும். இது கட்டாயம் என்று 2021இல் ஹரிராம் பாம்பி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் வாழும் மாவட்டத்தில் இது எத்தனை பேருக்குத் தெரியும் என்று நினைத்தால் கவலையாக இருக்கிறது. பந்தலூர்ப் பணியர் பாடியிலிருந்து உதகைக்கு விசாரணைக்கு வந்துபோகும் பயணச் செலவையும் இதே சட்டத்தின் கீழ்க் கேட்டுப் பெறலாம்.

போக்சோ வழக்கில், குற்றவாளியின் ஜாமீன், விடுதலை, காவல் நிலை ஆகியவற்றைக் குழந்தைக்கும் பெற்றோருக்கும் காவல் துறை தெரிவிக்க வேண்டும் என்று 2020 விதிகளில் இருக்கிறது. பதினாறு வயதுக்குட்பட்ட சிறுமியர் மீதான பாலியல் வன்கொடுமை வழக்கில் ஜாமீன் மனு விசாரணைக்கு வரும்போது, புகார் கொடுத்தவரோ அவர் சார்பில் ஒருவரோ அங்கே இருந்தாக வேண்டும் என்று பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 483(2) பிரிவு சொல்கிறது. யாரும் அழைக்கவில்லை என்றாலும் வழக்கறிஞரோடு போய் நில்லுங்கள்.

மற்ற வழக்குகளுக்கு 2022 ஏப்ரலில் வந்த லக்கிம்பூர் கேரி தீர்ப்பு இருக்கிறது. விசாரணை தொடங்கி மேல்முறையீடு முடியும்வரை ஒவ்வொரு கட்டத்திலும் பாதிக்கப்பட்டவருக்குப் பங்கெடுக்கும் உரிமை உண்டு என்று சொல்லி, அவர்களைச் சரியாகக் கேட்காமல் கொடுத்த ஜாமீனை உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. அரசு வழக்கறிஞருக்குத் துணையாக உங்கள் வழக்கறிஞரை வைத்துக்கொள்ள அதே சன்ஹிதாவின் 18(8) பிரிவில் அனுமதி கேட்கலாம்.

விடுப்பு மறுக்கப்பட்டால் கைதியின் குடும்பத்தார் உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போடுவது வழக்கம். நீலகிரிக்கு அது சென்னை. அந்த மனுவில் அரசும் சிறைத் துறையும்தான் எதிர்த் தரப்பாக இருக்கும், உங்கள் பெயர் இருக்காது. தெரிந்ததும் உங்களையும் ஒரு தரப்பாகச் சேர்க்கக் கோரி மனு போட வேண்டும். உயர் நீதிமன்ற சட்டப்பணிகள் குழு மூலம் அங்கேயே இலவச வழக்கறிஞர் கேட்கலாம். உதகை ஆணைக்குழுவில் சொன்னால் அவர்களே எழுதி அனுப்புவார்கள், நீங்கள் மலை இறங்க வேண்டிய தேவை பெரும்பாலும் இருக்காது.

அவர் வெளியே இருக்கும் நாட்கள்

விடுப்பு உத்தரவில் தங்கும் முகவரி, கையெழுத்திடும் காவல் நிலையம், திரும்பும் நாள் எல்லாம் இருக்கும். உங்கள் நிலைய ஆய்வாளரிடம் இந்த மூன்றையும் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். மீறினால் 100 அல்லது 112க்கு அழையுங்கள், பிறகு எழுத்தில் புகார். நகலைச் சிறைக் கண்காணிப்பாளருக்கும் அனுப்புங்கள். விடுப்பை ரத்து செய்ய முடியும் என்பது மட்டுமல்ல, அடுத்த முறை அவர் கேட்கும்போது இந்தத் தாள் பேசும். மிரட்டல் தனிக் குற்றம், பாரதிய நியாய சன்ஹிதா 351ஆம் பிரிவு.

பயம் பெரிதாக இருந்து, நீங்களோ உங்கள் வீட்டாரோ அந்த வழக்கில் சாட்சியாக இருந்தால், சாட்சிப் பாதுகாப்புத் திட்டம் 2018 இருக்கிறது. மகேந்தர் சாவ்லா வழக்கில் உச்ச நீதிமன்றம் ஏற்று நாடு முழுதும் சட்டமாக்கியது. மாவட்ட நீதிபதி தலைமையிலான குழுவுக்கு மனு கொடுக்க வேண்டும். உங்கள் உட்கோட்டத்தின் டி.எஸ்.பி.யிடம் மிரட்டல் குறித்து அறிக்கை கேட்பார்கள், ஐந்து வேலை நாளில் அது வர வேண்டும். ரோந்து, வீட்டுக்குக் காவல், கொஞ்ச காலம் இடம் மாற்றுவது வரை அதில் வழி உண்டு. பெண்கள் உடனடி உதவிக்கு 181, குழந்தைகளுக்கு 1098.

முன்விடுதலை

ஆயுள் தண்டனை என்றால் சாகும்வரை என்றுதான் பொருள், ஆனால் அரசு தண்டனையைக் குறைக்கலாம். மரண தண்டனை விதிக்கக்கூடிய குற்றத்துக்கு ஆயுள் தண்டனை பெற்றவர் என்றால், பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 475ஆம் பிரிவின்படி 14 ஆண்டு உள்ளே இருந்தாக வேண்டும். அரசியல் சாசனத்தின் 161ஆம் பிரிவில் ஆளுநருக்கு உள்ள அதிகாரத்துக்கு இந்த வரம்பு பொருந்தாது. தலைவர்களின் பிறந்தநாளையொட்டி வரும் பொதுவான அரசாணைகள் அந்த வழியில்தான் வருகின்றன, 2018இல் எம்.ஜி.ஆர் நூற்றாண்டுக்கும், 2021இல் அண்ணாவின் 113ஆவது பிறந்தநாளுக்கும் அப்படி வந்தன. எந்தக் குற்றங்களுக்குப் பொருந்தாது என்று அரசாணையிலேயே பட்டியல் இருக்கும். செய்தித்தாளில் அறிவிப்பு வந்தவுடன் அந்தப் பட்டியலைத் தேடிப் பாருங்கள், உங்கள் வழக்கின் பிரிவு அதில் இருக்கலாம்.

இந்தக் கட்டத்தில் மனு போக வேண்டிய இடம் சென்னைத் தலைமைச் செயலகத்தில் உள்ள உள்துறைச் செயலாளர். பின்கோடு 600 009. சிறைக்கும் நகல். எழுதும்போது, 2000ஆம் ஆண்டு லட்சுமண் நஸ்கர் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்ன கேள்விகளையே எடுத்துப் பதில் எழுதினால் மனு நிற்கும்: அந்தக் குற்றம் சமூகத்தைப் பெரிதாகப் பாதிக்கக்கூடியதா, திரும்பவும் செய்ய வாய்ப்பு உண்டா, செய்யும் திறன் இன்னும் இருக்கிறதா, சிறையில் வைத்திருப்பதில் பயன் ஏதும் உண்டா, கைதியின் குடும்ப நிலை என்ன. விடுப்பில் வந்தபோது மீறியிருந்தால், அந்தப் புகார் ரசீதுகளை எல்லாம் இங்கே இணையுங்கள். தண்டனை கொடுத்த நீதிமன்றத்தின் கருத்தைக் கேட்டுப் பெறும்படியும் ஒரு வரி சேருங்கள்; அதே சன்ஹிதாவின் 473ஆம் பிரிவில் அதற்கு இடம் இருக்கிறது.

எழுதியும் உங்களைப் பொருட்படுத்தாமல் விடுதலை உத்தரவு வந்துவிட்டதா? அங்கேயும் கதவு மூடவில்லை. ஸ்ரீபெரும்புதூரில் 1991இல் ராஜீவ் காந்தியோடு உயிரிழந்த மற்றவர்களின் குடும்பத்தார், அந்த வழக்கின் கைதிகளை விடுவிக்கும் முடிவை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை போனார்கள். அவர்கள் மனு 2019இல் தள்ளுபடியானது. பில்கிஸ் பானு வழக்கில் வேறு மாதிரி முடிந்தது. அந்த வழக்கில் தண்டனை பெற்ற பதினொரு பேரை 2022 ஆகஸ்டில் குஜராத் அரசு விடுவித்தது. பாதிக்கப்பட்ட பில்கிஸ் பானுவே அதை எதிர்த்து மனு போட்டார். தண்டனை கொடுத்த நீதிமன்றம் மகாராஷ்டிரத்தில் இருக்கும்போது குஜராத்துக்கு அந்த அதிகாரம் இல்லை என்று 2024 ஜனவரி 8 அன்று உச்ச நீதிமன்றம் உத்தரவை ரத்து செய்து, அவர்களைத் திரும்பச் சிறைக்கு அனுப்பியது. எல்லா வழக்கும் அப்படி முடியும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் யார் உத்தரவிட்டார்கள், எந்த விதியில், யாரிடம் கருத்துக் கேட்டார்கள் என்பதில்தான் இப்படிப்பட்ட வழக்குகள் நிற்கின்றன அல்லது விழுகின்றன. அது தெரிய உத்தரவின் நகல் வேண்டும். விடுதலைச் செய்தி கேட்ட அன்றே உள்துறைக்கும் சிறைக்கும் தனித்தனியாகத் தகவல் உரிமை மனு எழுதி, உத்தரவையும், அதற்கு அடிப்படையான அறிக்கைகளையும், உங்கள் மனு எந்தப் பக்க எண்ணில் இருக்கிறது என்பதையும் கேளுங்கள். பதில் வரும்வரை காத்திருக்காமல், முத்திரை வாங்கிய உங்கள் நகலை எடுத்துக்கொண்டு உதகை சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குப் போய் வழக்கறிஞர் கேட்டு விண்ணப்பம் கொடுத்துவிடுங்கள்.